பதினோரு மீட்டர் நாற்பது

மீட்டருக்கு உடம்பில் ஏழு இடத்தில் எலும்பு முறிந்து ஒட்டியிருக்கிறது. எது எந்தக் கடை வாசலில் வாங்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூக்குத்தண்டு, பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடை, சோடா பாட்டில். இடது கை மோதிர விரல், மருத்துவமனை வாசல் கடை, எடைக்கல். விலாவில் மூன்று, சந்தைக்குள் அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்தது. சொத்தைக்கூட அவ்வளவு நியாயமாகப் பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பார். மீதி இரண்டும் சில்லறைக் கடைகள், சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

வாங்கியது இவ்வளவு. கொடுத்தது எவ்வளவு என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்கிற தூரத்தில் யாரும் நின்றதில்லை.

நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் டேப் பிடிப்பது அவர் உத்தியோகம். பள்ளிக்கூடத்தின் பிரதான வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் சிகரெட் விற்கக்கூடாது என்பது சட்டம். வாசலிலிருந்து கடைவரைக்கும் டேப்பை இழுத்துப் பிடித்து, விழுந்த எண்ணைக் கூவவேண்டும். கூவுவதற்கு ஒரு முறை உண்டு. டேப் விறைப்பாக இருக்கும்போதே மூன்று தடவை உரக்கச் சொல்லவேண்டும். அளவுப் புத்தகம் வைத்திருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும். முன்பொரு காலத்தில் ஒரு குமாஸ்தா தெருவில் எண்பது என்று கேட்டதை அலுவலகத்துக்குப் போய் நூற்றெட்டு என்று எழுதினார். ஊர் திரண்டு வந்து அவரை நாற்காலியோடு தூக்கிக் குளத்தில் போட்டது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. கூவும்போது டேப் தொய்ந்தாலும், மூன்றில் ஒன்று குறைந்தாலும், திருப்பிச் சொல்லாமல் விட்டாலும் அந்த அளவு செல்லாது. மறுபடி அளக்கவேண்டும். மறுபடி அளப்பது என்றால் மறுபடி அடி வாங்குவது.

கடைக்காரர்கள் அடிப்பதும் அந்த எண் அவர் வாயிலிருந்து வெளியே வராமல் இருக்கத்தான். அதனால்தான் பெரும்பாலான அடி முகத்தில் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மீட்டர்.

பதினேழு வயதிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் அவர் அந்தக் கடைகளுக்கெல்லாம் சிகரெட் அனுப்பும் கம்பெனியின் கிடங்கில் மூட்டை சுமந்தவர். ஒரு மூட்டை எழுபது கிலோ புகையிலை. கிடங்குக்குள் வெயில் ஒரு கோடாக விழும். அந்தக் கோட்டில் தூசி புழுவாய் நெளியும். உள்ளே போனால் முதல் வாரம் வாந்தி, இரண்டாம் வாரம் தலைசுற்றல், மூன்றாம் வாரம் பழகிப்போகும். கூடச் சுமந்த ஒருவன் ஒருநாள் அடுக்கின்மேல் நின்றபடி இருமினான். இருமல் ரத்தமாக மூட்டையில் தெறித்தது. மேஸ்திரி கீழேயிருந்து பார்த்துவிட்டு, "முதல்ல மூட்டையைத் துடைடா" என்றார்.

அவ்வளவுதான். மீட்டர் மேஸ்திரியைக் கழுத்தும் இடுப்புமாகப் பிடித்து, அடுக்கில் ஆறு மூட்டை உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து கீழே விட்டார். மேஸ்திரியின் தொடை எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த விறகு முறிவது போல இருந்தது. மீட்டர் நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

வெளியே வந்தவரை நகராட்சியின் அந்தக் காலத்துச் சுகாதார ஆய்வாளர் கூப்பிட்டனுப்பினார்.

"அடி வாங்கத் தெரியுமா?"

"கொடுக்கத் தெரியும்."

"ரெண்டும் தெரியணும். டேப்பை விடாம இருக்கணும்."

"விடமாட்டேன்."

"இப்படித்தான் இதுக்கு முன்னாடி இருந்தவனும் சொன்னான்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு பத்தொன்பது வருஷம். சட்டை கிழிந்து, முகம் வீங்கி வீட்டுக்குப் போவார். வீட்டுக்காரி வாசலிலேயே நிற்பாள். "இன்னிக்கு எத்தனை மீட்டரு?" என்பாள். "எழுபத்தி மூணு" என்பார். "முகத்தைப் பார்த்தா எண்பதுக்கு மேல இருக்கும் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் வைப்பாள். அழுதால் காயம் ஆறாது என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரு தம்பி. கல்யாணத்தின்போது மூக்கு ஒழுக நின்ற ஒன்பது வயதுப் பையன். தாய் தகப்பன் இல்லாததால் சீதனத்தோடு சேர்ந்து அவனும் வந்தான். மீட்டர்தான் வளர்த்தார். வளர்த்தார் என்றால், பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளெல்லாம் அடித்தார். கிடங்கில் கற்ற கை. அவன் அழாமல் அடி வாங்கப் பழகினான். பழகியவன் பெரியவனானதும் வேறு யாருக்கும் பயப்படவில்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்கு எதிரே தகரப் பெட்டிக்கடை போட்டான். பெட்டி கம்பெனி கொடுத்தது. மேலே வெயில் மறைக்கும் துணி, உள்ளே குளிர்பதனப் பெட்டி, விளக்கு, இழுத்து மூடும் ஷட்டர் எல்லாம் கம்பெனி கொடுத்ததுதான், எல்லாம் கம்பெனியின் சிவப்பு. பிறகு கம்பெனியே ஒரு சிறு வியாபாரிகள் சங்கம் ஆரம்பித்துக் கொடுத்தது. அதற்கு மச்சான் செயலாளர்.

"மாமா, என் கடையை மட்டும் அளந்துடாதீங்க" என்று சிரிப்பான்.

"உன் கடை வர்றப்ப என் கண்ணு தெரியாமப் போயிடும்னு நெனச்சியா மாப்ள" என்று இவரும் சிரிப்பார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அளக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து எழுத்து வராதவரைக்கும் அந்தச் சிரிப்பு ஓடியது.

புதிய சுகாதார அதிகாரியாக டாக்டரம்மா வந்த மாதமே எழுத்து வந்துவிட்டது. ஒல்லியான பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது யாருடைய பதவிக்கும் மரியாதை கொடுத்ததாகத் தெரியாது; ஆனால் டேப் பிடிக்கிறவரை "அண்ணே" என்றாள். முதல் நாளே மீட்டரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடை வரிசைக்குப் போனாள். மிட்டாய் அடுக்குக்கு ஒட்டினாற்போல், பழ வாசனை போட்ட சிகரெட் பெட்டிகள், உடைத்து ஒவ்வொன்றாக விற்பதற்குத் திறந்தே இருந்தன.

"இந்தத் தட்டு தரையிலேர்ந்து என்ன உயரம்னு பாருங்கண்ணே."

மீட்டர் டேப்பை நிறுத்தினார். "ஒண்ணு பத்து."

"அடுத்த கடை?"

அதுவும் ஒன்று பத்து. பதினோரு கடையிலும் ஒரு மீட்டர் பத்து. தட்டை அடித்துக் கொடுத்த தச்சன் ஒருவனேதான், கம்பெனி அனுப்பியவன்.

"பெரியவங்க எடுக்கணும்னா குனியணும்" என்றாள் டாக்டரம்மா. "யாரு கண்ணுக்கு நேரா வெச்சிருக்காங்கன்னு பாருங்க."

வாசலில் ஒரு மூன்றாம் வகுப்புக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மீட்டர் தன் கைவிரலால் தட்டின் உயரத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். விரல் அந்தப் பிள்ளைகளின் கண்களுக்கு நேராக நின்றது. பத்தொன்பது வருஷமாகத் தரையில் படுத்துக் கிடக்கும் நூறு மீட்டரை மட்டும் அளந்தவர் அவர். நிற்கும் ஒரு மீட்டர் பத்தை யாரோ தமக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கடைசியாக அளந்த அந்தத் தட்டு இருந்தது மச்சானின் கடையில்.

பதினோரு கடையும் தொண்ணூறுக்குள் விழுந்தன. கூவும்போது கல் வந்தது, தோளில் பட்டது, தாங்கக்கூடிய கல்தான். பதினைந்து நாளில் கடையை எடுக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். பதினாறாம் நாள் காலையில் லாரியோடு போனார்கள்.

அன்றைக்கு நடந்ததை மீட்டர் பிற்பாடு எவ்வளவு ஓட்டிப் பார்த்தும் ஒரு இடத்தில் படம் அறுந்துபோகும். கொதிக்கிற டீயை யாரோ வீசியது, லாரி டிரைவரின் காது கிழிந்தது, சோடா பாட்டில்கள் தெருவில் வெடித்தது, இதெல்லாம் வரிசையாக வரும். டாக்டரம்மா ஒரு கடையின் பாதி மூடிய ஷட்டருக்குக் கீழே கையை விட்டு உள்ளே இருந்த பெட்டிகளை இழுத்தாள். ஷட்டர் சடாரென்று இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டும் போன சத்தம் மீட்டருக்குத் தெரிந்த சத்தம். அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். மீட்டர் திரும்பியபோது ஷட்டரின் கைப்பிடியில் இருந்தது மச்சானின் இரண்டு கை.

தோல் உறைக்குள் இருந்த இரும்பு டேப்பை மீட்டர் அவன் வாயில் இறக்கினார். ஒருதடவை போதும், மூன்று தடவை இறக்கினார். முன்பல் மூன்று சட்டையில் விழுந்தன. நான்காவதற்கு ஓங்கியபோதுதான் சுற்றி நின்ற ஐந்தாறு இளவட்டங்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. அவர்கள் அடிக்க வந்தவர்கள் இல்லை. அவர் அடிப்பதைப் பிடிக்க வந்தவர்கள்.

மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் மச்சானின் ரத்த வாய். "சிறு வியாபாரியின் ரத்தம்" என்று கொட்டை எழுத்து. அந்தப் படத்தைக் காட்டிக் கம்பெனியின் வக்கீல் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அதிகாரிகள் ஏழைகளை அடிக்கிறார்கள், ஆகவே கடைகளைத் தொடக்கூடாது. டாக்டரம்மாவின் கை எந்தப் படத்திலும் இல்லை. கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவளைப் பார்க்க மீட்டர் போய்க் கட்டிலோரம் நின்றார்.

"என்னாலதாம்மா கெட்டுது."

"ஆமாண்ணே" என்றாள் அவள், மழுப்பாமல். "அவங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அடிதான். நீங்க கொடுத்துட்டீங்க." பிறகு, "இந்தச் சட்டத்தை முதல்ல எழுதினப்போ பள்ளிக்கூடச் சுவர்லேர்ந்து நூறு மீட்டர்னுதான் இருந்தது. கலந்து பேசுற கூட்டத்துல கம்பெனிக்காரங்களுக்கும் நாற்காலி போட்டாங்க. வெளியே வர்றப்போ சுவர் போய் பிரதான வாசல்னு ஆயிருந்தது. ஏன்னு அப்ப யாருக்கும் புரியலை" என்றாள்.

ஒரே மாதத்தில் புரிந்துவிட்டது. கம்பெனியின் சேவை நிதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் புதிய பிரதான வாசல் கட்டிக் கொடுத்தார்கள். வளைவு, தூண், பித்தளை எழுத்து, கல்யாண மண்டபம் தோற்றுப்போகும். வாசல் நின்றது பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சரக்கு லாரிகள் ஓடும் சாலையில். அதைத் திறந்தவுடன் முன்பக்கத்துப் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்களாம். புது வாசலிலிருந்து பதினோரு கடைக்கும் இருநூறு மீட்டருக்கு மேல். சட்டம் அப்படியே இருக்கும், கடைகளும் அப்படியே இருக்கும். வாசல் மட்டும் நடந்துபோயிருக்கும்.

இடையில் ஒரு முள் இருந்தது. கனரக வண்டி ஓடும் சாலையின் விளிம்பிலிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளித்தான் பள்ளிக்கூட வாசல் இருக்கவேண்டும் என்று கட்டட விதி. அளந்து புத்தகத்தில் ஏற்றினால்தான் திறப்பு விழா. நகராட்சியில் டேப் பிடிக்கிற பதவி ஒன்றுதான், அதில் இருந்தது மீட்டர்; மச்சானை அடித்ததற்கு அவரை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவைத்திருந்தார்கள்.

மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். மூன்று புதுப் பல், கம்பெனி கட்டிக் கொடுத்தது, மற்ற பற்களைவிட வெள்ளையாக. அக்கா தட்டு வைத்தாள். தம்பியோடும் புருஷனோடும் ஒரே மாதிரி பேசாமலிருந்தாள்.

"பதினஞ்சுன்னு கூவிடுங்க மாமா. ஒரே ஒரு வார்த்தை."

"இருக்கிறது எவ்வளவு?"

"அது எதுக்கு?"

"நான் பார்த்துட்டேன் மாப்ள. காலடியில அளந்தேன். பன்னெண்டு தேறாது."

"மூணு மீட்டருக்காக என் பொழப்பைக் கெடுப்பீங்களா?"

"உன் அக்கா பொண்ணு அங்கதான் ஏழாவது படிக்கிறா. பஸ் நிக்கிறது முன்பக்கம். தினம் அந்த லாரிக்கு நடுவுலதான் சுத்திக்கிட்டுப் போகணும்."

"நான் கையைப் பிடிச்சுத் தாண்டி விடறேன்."

"மீதி ஆயிரத்து முன்னூத்து தொண்ணூத்தொன்பது பேரை?"

மச்சான் தண்ணீர் குடித்தான். புதுப் பல்லில் தண்ணீர் கூசியது, முகம் சுளித்தான். "அன்னிக்கு நான் ஷட்டரைத் தூக்கத்தான் கையை வெச்சேன். இறக்கினது நான் இல்லை. அது தெரியுமா உங்களுக்கு?"

மீட்டருக்குத் தெரியாது. அறுந்த படம் அந்த இடம்தான். மச்சான் எழுந்தான்.

"நாளன்னிக்கு நிறைய பேர் வருவாங்க மாமா. கைப்பேசியோட வருவாங்க. நீங்க யாரையாவது ஒரு தட்டு தட்டினா போதும், அளவும் போச்சு, உங்க வேலையும் போச்சு. தட்டாம இருக்க உங்களால முடியாது. அது எனக்குத் தெரியும். ஒன்பது வயசுலேர்ந்து தெரியும்."

அவன் போனபிறகு வீட்டுக்காரி தட்டை எடுத்தாள். "அவன் சொல்றதுல கடைசி வார்த்தை சரிதான்" என்றாள்.

அளவு நாள் காலை பத்து மணி. புது வாசலுக்குள் பந்தல், நாற்காலி, மேஜையில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில். கம்பெனியின் ஆள், வெள்ளைச் சட்டைக்காரர், எல்லாருக்கும் தன் கையாலேயே பாட்டில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மீட்டருக்கும் ஒன்று நீட்டினார். "வெயில் ஜாஸ்தி, குடிங்க" என்றார். தலைமை ஆசிரியர் காலரைத் தளர்த்திக்கொண்டு நின்றார். நகராட்சிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். பதினைந்து என்ற எண் அவருக்கு முந்தைய நாளே சொல்லப்பட்டிருந்தது என்பது அவர் யார் கண்ணையும் பார்க்காததில் தெரிந்தது. தெருவில் நூறு பேர். பெற்றோர் பாதி, சங்கத்தார் பாதி. இளவட்டங்களின் கையில் கைப்பேசி ஏற்கெனவே நிமிர்ந்திருந்தது.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குச் சாவு வீடு. விடுப்பில் இருந்த டாக்டரம்மா மாவுக்கட்டோடு வந்து சாலை விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டேப்பின் வளையத்தை வெள்ளைக்கோட்டில் வைத்து, ஒரு கையால் பிடித்து, செருப்புக் காலால் மிதித்துக்கொண்டாள். லாரிகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டுப் போய்க்கொண்டிருந்தன. காற்று அவளை உள்ளே தள்ளும், பிறகு வெளியே இழுக்கும்.

மீட்டர் பின்னால் நடந்து தூணடிக்குப் போனார். மண்டியிட்டு, இரண்டு கையாலும் டேப்பை இழுத்து, கட்டைவிரலைக் கோட்டில் வைத்தார். டேப் நரம்பு போல நின்றது.

"பதினோரு மீட்டர் நாப்பது."

 கூட்டத்திலிருந்து முதல் கல் வந்தது. நெற்றியில் பட்டுத் தோல் பிளந்தது. ரத்தம் புருவத்தில் நின்று, நிறைந்து, கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் டேப் தொய்யும். கண்ணை மூடிக்கொண்டார்.

"சரியாக் கேக்கலை" என்றார் பொறியாளர்.

"பதினோரு மீட்டர் நாப்பது."

யாரோ பின்னாலிருந்து முதுகில் உதைத்தார்கள். முகம் தூணில் மோதியது. பழைய மூக்குத்தண்டு, எட்டாவது முறிவு, அதே இடம் என்பதால் அவர் கணக்கில் புது முறிவாக ஏறாது. இடுப்பில் ஒன்று, விலாவில் ஒன்று. கட்டைவிரல் நகரவில்லை. உதைத்தவன் காதுக்குள் குனிந்து, "திரும்புய்யா. திரும்பி ஒண்ணு கொடு. ஆம்பளைதானே" என்றான். அவன் வாயில் அதே பழ வாசனை. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவன் கணுக்கால். ஒரு இழுப்புப் போதும். மீட்டரின் தோளிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் அந்த இழுப்பு ஓடி வந்து, டேப்பில் முட்டி நின்றது. அந்த வேகத்தை மூன்றாவது கூவலில் இறக்குவதற்கு மூச்சை இழுத்தார்.

அப்போதுதான் இரும்புக் குழாய் இறங்கியது. இடது தோள், கழுத்துக்குப் பக்கத்து எலும்பு. உடைந்த முனை தோலுக்கு அடியில் கூடாரம் போல எழும்பியது. யார் அடித்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடித்தவனின் மூச்சு அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் அடுத்த அறையில் கேட்ட மூச்சு.

இடது கை செத்துப்போனது. டேப் ஒரு விரல் அளவு தொய்ந்தது. மீட்டர் குனிந்து டேப்பின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, வலது கையால் மிச்சத்தை இழுத்தார். அந்த முனையில் டாக்டரம்மா எழுந்தேவிட்டாள், பிறகு மறுபடி உட்கார்ந்து மிதித்துக்கொண்டாள். டேப் நிமிர்ந்தது. எண்ணைச் சொல்லப் பல்லை எடுக்கவேண்டும். எடுத்தார். ஒரே கையில் மொத்தமும் நின்றது.

அந்த நேரம் சாலையில் லாரி இல்லை. அதனால் மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தவேண்டிய தேவைகூட இல்லை.

"பதினோரு மீட்டர்" என்றார் வாய் நிறைய ரத்தத்தோடு. "நாப்பது."

"திருப்பிச் சொல்லுங்க சார்" என்றாள் டாக்டரம்மா சாலையிலிருந்து.

பொறியாளர் வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் இளவட்டங்களின் கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் கை ஓங்குவதற்காக விடாமல் ஓடிய அத்தனை கைப்பேசியிலும் ஓங்காத ஒரு மனிதனும், குழாயும், மூன்று தடவை ஒரே எண்ணும் ஏறியிருந்தன. வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளங்கையைக் கீழே காட்டி நிறுத்தச் சொன்னார். சங்கத்துப் பிள்ளைகள் நிறுத்தினார்கள். பெற்றோர் பக்கத்தில் நிமிர்ந்திருந்த கைப்பேசிகள் நிற்கவில்லை. ஒரு தாய், கையில் பையோடு நின்றவள், "என்ன சார், எங்களுக்கே கேட்டுடுச்சு" என்றாள்.

பொறியாளரின் குரல் பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் எட்டியது. "பதினொண்ணு... நாப்பது." எழுதினார். பேனா இரண்டு தடவை மக்கர் செய்தது. டாக்டரம்மா மரத்துப்போன காலோடு நொண்டியபடி வந்து புத்தகத்தை வாங்கி எண்ணைப் பார்த்து, மாவுக்கட்டுக்கும் மார்புக்கும் நடுவே செருகிக்கொண்டாள். பதினைந்துக்குக் குறைந்த வாசல் வாசல் இல்லை. பழைய வாசல் அடைபடாது. வெள்ளைச் சட்டைக்காரர் காரில் ஏறும்போது கைப்பேசியில் யாரிடமோ, "விதியிலே அந்தப் பதினஞ்சைப் பத்தாக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டார். தண்ணீர் பாட்டில்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

மீட்டர் டேப்பை விட்டார். விரல்கள் பிரிய மாட்டேன் என்றன, தூணில் தேய்த்துப் பிரித்தார். எழுந்து திரும்பினார்.

மச்சான் குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தான். ஓடவில்லை. ஒன்பது வயதில் நின்றது போலவே, கையைத் தொங்கப்போட்டு, முகத்தை முன்னால் கொடுத்து நின்றான். "அளவு முடிஞ்சுது மாமா. இப்ப அடிங்க."

மீட்டருக்கு அடிக்கத்தான் ஆசை. மனசறிந்து சொன்னால், அந்த ஆசையில்தான் மூன்றாவது தடவைவரை தாங்கினார். வலது கையைத் தூக்கினார். பாதிக்கு மேல் போகவில்லை. உடைந்த எலும்பு மறுபக்கத்தில் அசைந்து கண் இருட்டியது. கை தானாக இறங்கி மச்சானின் சட்டைக் காலரைப் பற்றியது. அடிக்கப் பற்றியதா, விழாமல் இருக்கப் பற்றியதா என்று பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மச்சான் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேறு வண்டி இல்லை. மச்சானின் சரக்கு வண்டிதான், கம்பெனியின் சிவப்பு பூசியது. பின்பக்கத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மீட்டரைச் சாய்த்து, அவர் தலையைத் தன் தொடையில் வைத்து மச்சான் உட்கார்ந்தான். வேறொருவன் ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்திலும் மீட்டர் பல்லைக் கடித்தார்.

"அக்காகிட்ட என்ன மாமா சொல்றது?"

"விழுந்துட்டேன்னு சொல்றேன்."

"நம்பமாட்டா."

"நம்பமாட்டாதான்."

வண்டி பள்ளிக்கூடத்தின் முன்பக்கத் தெருவுக்குள் திரும்பியது. மச்சான் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எப்ப எடுப்பீங்க?"

"தடை நீங்கின மறுநாள். உன் கடைதான் முதல்ல."

"குளிர்பெட்டியை மட்டும் பார்த்து இறக்கச் சொல்லுங்க. அது என்னோடது இல்லை. உடைஞ்சா என் தலையில கட்டுவான்."

மீட்டர் சிரிக்கப் பார்த்தார். தோள் அனுமதிக்கவில்லை. "உன் பல்லும் அவனோடதுதானே மாப்ள" என்றார். மச்சான் உள்ளங்கையை அவர் நெற்றிக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். மருத்துவமனை வாசலில் அவன் அக்கா ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். சேதி சொன்னவர்கள் யார் அடித்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கவேண்டும். வலது காலின் செருப்பு அவள் கையில் இருந்தது.